ஒரு பாகம் விடாமல்

ரோவீனா பாஸ்க் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் எங்கள் பர்னிக்கு வந்து இறங்கியபோது அவளிடம் ஒரு துணிப்பையும் ஒரு கம்ப்யூட்டரும்தான் இருந்தன. மடியில் வைத்துக்கொள்கிற சின்ன கம்ப்யூட்டர் இல்லை. முழங்கால் உயரம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அப்படி ஒரு இரும்புக் கேபினெட். அதைக் காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தாள். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையை வாடகைக்குக் கேட்டு வந்தவளை விட்டுவிட்டு நான் முதலில் பார்த்தது அந்தக் கேபினெட்டைத்தான். என் பிழைப்பு அப்படி. ஊர்க் குப்பைக் கிடங்கின் வாசலில் இருக்கும் பழைய சாமான் கடையை நான்தான் நடத்துகிறேன். ஜனங்கள் கொண்டுவந்து எறிகிற கம்ப்யூட்டர்களைப் பிரித்து, உயிருள்ள பாகங்களை எடுத்து விற்பேன். மனிதர்களைவிட மதர்போர்டுகளோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

வடக்குக் கோடியில் இருக்கும் டவுன்ஸ்வில்லிலிருந்து வருவதாகச் சொன்னாள். அந்த வெயிலை விட்டு எங்கள் ஈரக் காற்றுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. இதற்கும் தெற்கே போனால் அப்புறம் பெங்குவின்களோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கண் இருக்கிறதே, அது பார்க்கத்தானே செய்யும். காரை எப்போதும் மூக்கு தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்துவாள். திரைச்சீலையைப் பகலிலும் திறக்க மாட்டாள். இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது. தபால்காரர் வண்டி நின்றால் அவள் அறையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றுபோகும்.

வேலை அவளுக்கு வீட்டிலேயேதான். மெல்பர்னில் ஒரு தச்சுக் கம்பெனிக்கு சமையலறை அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவாள். கெட்டிக்காரி. ஆனால் அந்த வரைபடம் ஒவ்வொன்றும் திரையில் வந்து நிற்பதற்குள் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடித்துவிடலாம். அவ்வளவு மந்தம் அந்த மிஷின்.

இப்படி இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. வரைகிற மென்பொருள் மாறப்போகிறதாம். புதுசு ஓட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் இவ்வளவு மெமரி, இப்படிப்பட்ட கிராபிக்ஸ் கார்டு, இந்தத் தலைமுறைக்குப் பிந்தைய பிராசஸர் இருக்க வேண்டுமாம். மாத முடிவுக்குள் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை. ரோவீனா அதை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவள் மிஷினில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதிலேயே வருஷக்கணக்காக உழைப்பவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதா என்று எனக்கு எரிச்சல் வந்தது. திறந்து பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு அவள் அறைக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் கிளெனிஸ். திறந்தா அவருக்குத் தெரிஞ்சிரும்."

அப்போதுதான் அந்தத் திருகுகளைக் கவனித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஆரம்பித்துக் கேபினெட்டின் மேல் முடியும்படி வெள்ளைப் பெயின்டில் மெல்லிய கோடு. திருகைக் கொஞ்சம் அசைத்தாலும் கோடு உடைந்துவிடும். திறந்தது யார் என்ற விசாரணை அப்புறம்.

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னாள். புருஷன் பெயர் டேமன். கம்ப்யூட்டர் கட்டுவதில் அந்த ஊரிலேயே பெரிய கை. இந்த மிஷினை அவளுக்காகக் கட்டியவன் அவன்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதில் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றிப் பரிசு என்பான். அவளுடைய சம்பளம், அவளுடைய கடிதங்கள், அவள் யாரோடு எத்தனை நேரம் பேசினாள் என்பது வரைக்கும் சாயங்காலம் வந்து அதில் பார்ப்பான். மணிக்கட்டு எப்படி ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. தப்பி வந்தபோது மிஷினை எடுத்து வந்ததற்குக் காரணம் அது இல்லாமல் பிழைப்பு இல்லை என்பதுதான். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வழியிலேயே ஒரு கடையில் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைக்கூட முன்பக்கத்துத் தட்டு வழியாக, திருகைத் தொடாமல் செய்யச் சொன்னாளாம். பாஸ்க் என்பதும் அவளே வைத்துக்கொண்ட பெயர்தான்.

கோபம் எனக்குத் தலைக்கேறியது. "அவன் இருக்கறது ரெண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம்டி. கோடு உடைஞ்சா என்ன, காத்துலயா சேதி போகும்?" என்று சொல்லி நானே திருகைக் கழற்றினேன். அவள் சுவரோடு சுவராக நின்றுகொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த கூத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வருஷத்துப் பிராசஸர். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று ஜோடி சேராத இரண்டு மெமரிக் குச்சிகள். இத்தனூண்டு மிஷினுக்கு ஆயிரம் வாட் பவர் சப்ளை, புல்வெட்டும் மிஷினுக்கு லாரி எஞ்சின் வைத்த மாதிரி. போதாததற்கு ஒரு சவுண்ட் கார்டு. இந்தக் காலத்தில் யார் வைக்கிறார்கள் அதை? கம்பெனி கேட்டதையும் உள்ளே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிராசஸர் தட்டுத்தடுமாறித் தேறியது. மெமரி பாதிதான் இருந்தது. கிராபிக்ஸ் கார்டு சுத்தமாகப் போதாது. கார்டு என் கடையில் ஒன்று கிடந்தது. இந்தப் பழைய ரக மெமரிதான் எங்கும் கிடைக்கவில்லை. கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பளபளப்புப் பெட்டிகளை மனிதர் வாங்குவாரா என்பது என் கொள்கை.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் வாராவாரம் சனிக்கிழமை பௌலிங் கிளப் ஹாலில் கூடுவோம். ஆளாளுக்குத் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவோம். யாருடையது வேகம் என்று ஒப்பிட்டு ஒருவரையொருவர் வாரிக்கொள்வோம். ரோவீனாவை அங்கே அழைத்துப் போனேன். கெல்வின் ஸ்ட்ராஹன் அவளைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டான். கப்பல் கம்பெனியில் ஓய்வு பெற்றவன், நல்லவன், வாய்க்குத்தான் பூட்டு இல்லை. நாடு முழுக்க எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழு ஒன்று இருக்கிறது, அங்கே கேட்டால் மெமரி கிடைக்கும் என்றான். ஆனால் அங்கே ஒரு வழக்கம். உதவி கேட்கிறவர் தன் மிஷினின் பாகங்களை ஒன்று விடாமல் எழுதிப் போட வேண்டும். எழுதாதவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"சவுண்ட் கார்டையும் சேத்து எழுதும்மா," என்றான் கெல்வின். "ஒண்ணை மறைச்சா வர்ற பதில் எல்லாம் தப்பாயிரும்."

அவள் நாலு நாள் யோசித்தாள். பெயரைப் பற்றி யோசித்தாள், ஊரைப் பற்றி யோசித்தாள். ஆண்பிள்ளைப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டாள், ஊர் பெர்த் என்று போட்டாள். எழுதுகிற தோரணைகூட மாற்றிக்கொண்டாள். அத்தனை ஜாக்கிரதை. அதற்குக் கீழே மட்டும் சிவப்புக் குச்சி, பச்சைக் குச்சி, ஆயிரம் வாட், சவுண்ட் கார்டு என்று ஒரு பாகம் விடாமல் உள்ளதை உள்ளபடி எழுதினாள். பாகங்களுக்கு முகம் உண்டு என்று அவளுக்கும் தோன்றவில்லை, கெல்வினுக்கும் தோன்றவில்லை, கூடவே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

குழுவில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். இது மிஷினா, அருங்காட்சியகமா என்று ஒருவர். இதைக் கட்டியவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்று இன்னொருவர். நடுவில் ஒருவர் மட்டும் அமைதியாக, தன்னிடம் இதே ரக மெமரி இரண்டு சும்மா கிடப்பதாகவும், காசு வேண்டாம், முகவரி கொடுத்தால் தபாலில் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். இது எங்களுக்குள் சகஜம். தன்னிடம் மீந்த மெமரியைப் புதியவருக்குக் கொடுப்பதை நாங்கள் புண்ணியமாக நினைக்கிறவர்கள். மாத முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. ரோவீனா வீட்டு முகவரியைத் தரவில்லை. எங்கள் கிளப்பின் தபால் பெட்டி எண்ணைத் தந்தாள். பெர்த்திலிருந்து வேலையாக வந்து பர்னியில் தங்கியிருப்பதாக ஒரு பொய்யும் சேர்த்தாள். அது பத்துப் பேர் பயன்படுத்துகிற பெட்டி, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பொட்டலம் வந்தது. நேர்த்தியாகக் கட்டியிருந்தது. இரண்டு குச்சிகள், நீர் படாத உறைக்குள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அச்செழுத்தில். அதை ரோவீனா படித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். வாங்கி மேசைமேல் வைத்துப் படித்தேன். பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் இடுக்கின் கொக்கி உடைந்திருக்கும், அங்கே குச்சியை வைக்கும்போது மெதுவாக அழுத்தவும், அவ்வளவுதான்.

நான் கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் இடுக்கு. கொக்கி உடைந்திருந்தது. காலியாக இருந்த இடம் என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவள் எழுதிய பாகங்களில் கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொட்டலத்தில் அனுப்பியவர் பெயர் இல்லை. முத்திரை மட்டும் டவுன்ஸ்வில்.

காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள், அவளை நெருங்கக் கூடாது என்று டவுன்ஸ்வில் கோர்ட் அவனுக்குப் போட்ட தடையைப் பற்றிக் குறித்துக்கொண்டாள். பெயர் இல்லாத பொட்டலத்தை வைத்து அவன்மேல் குற்றம் சாட்ட முடியாது, ஆனால் ஆளைக் கண்ணால் பார்த்த நிமிஷம் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறோம் என்று ஒரு நம்பர் கொடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் ரோவீனா காரின் பின்சீட்டில் தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டு வந்தாள்.

யோசனை என்னுடையதுதான். அவனுக்குத் தெரிந்தது மிஷின் இந்த ஊரில் இருக்கிறது என்பதுதானே. அவள் இருக்கிறாள் என்று தெரியாதே. அவள் ஓடுகிற வழியில் அதை எங்கேயோ தள்ளிவிட்டாள், கைமாறிக் கைமாறிக் குப்பைக்கு வந்தது, நான் எடுத்துச் சரிசெய்கிறேன், பொய்ப் பெயரில் குழுவில் எழுதியதும் நான்தான் என்று ஆக்கிவிட்டால்? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கடையின் மஞ்சள் சீட்டை ஒட்டி அடுத்த சனிக்கிழமை அந்த மிஷினைத் திறந்தபடி, தபாலில் வந்த குச்சிகளோடு, கிளப் மேசைமேல் வைத்தேன். கெல்வினிடம் முழுசாகச் சொல்லவில்லை. ரோவீனா பெயரை எடுத்தால் பல்லை உடைத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னேன். ரோவீனா என் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாள்.

அவன் வந்தான். நிஜமாகவே வருவான் என்று நான் நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, சுத்தமான நகங்கள், கையில் கடையில் வாங்கிய லாமிங்டன் கேக் ஒரு பெட்டி. வடக்கிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தேன், பெயர் டேமன் என்று சொந்தப் பெயரையே சொன்னான். பையிலிருந்த போனை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடலாமா? போலீஸ் வந்து இவனைத் தொட்டால், யாருக்காகத் தொட்டார்கள் என்று இவனுக்குத் தெரிந்துவிடும். என் குப்பைக் கதை அந்த நிமிஷமே செத்துப்போகும். கூப்பிடாமல் நின்றேன்.

எல்லார் மிஷினையும் ஒன்றொன்றாகப் பார்த்தான். ஒருவனுக்கு விசிறி தப்புத் திசையில் சுற்றுவதைக் காட்டினான். இன்னொருவனிடம் புதுக் கார்டு வாங்காதே, இருப்பதே போதும், காசை மெமரியில் போடு என்றான். சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அரை மணிக்குள் ஹால் முழுக்க அவன் பின்னால் நின்றது. கெல்வின் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

கடைசியாகத்தான் அவளுடைய மிஷின் பக்கம் வந்தான்.

"இது யாருது?" என்றான்.

"குப்பையில வந்தது. என்னது," என்றேன்.

"ஹார்ட் டிஸ்க் இல்லியே."

"எங்க கடைக்கு வர்ற எதுலயும் இருக்காது. எடுத்து ஓட்டை போட்டுருவோம். ஊர் வழக்கம்."

தலையாட்டினான். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, தான் அனுப்பிய குச்சியைக் கொக்கி உடைந்த இடுக்கில் வைத்து அழுத்தினான். குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி அவ்வளவு மென்மையாக. டக் என்று உட்கார்ந்தது. கெல்வினுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

"அடடா மேட், நீங்க ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா அவளுக்கு எவ்வளவு..." என்று ஆரம்பித்தான்.

நான் அவன் காலை மிதித்தேன். வாயை மூடிக்கொண்டான். ஹாலில் யாரோ கரண்டியால் கோப்பையைக் கலக்குகிற சத்தம் கேட்டது. டேமன் நிமிரவில்லை. இன்னொரு குச்சியை எடுத்து அடுத்த இடத்தில் வைத்தான், கம்பிகளை ஒழுங்காகச் சேர்த்துக் கட்டினான், கேபினெட்டை மூடித் திருகுகளை முடுக்கினான். நன்றி சொல்லிவிட்டு, லாமிங்டனை எல்லாரும் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மிஷினை விலைக்குக்கூடக் கேட்கவில்லை.

நாலு தெரு சுற்றி, கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வந்தேன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு. நம்பிவிட்டான், போய்விட்டான் என்று ரோவீனாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்ன பேசினான், எங்கே நின்றான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். கெல்வின் உளறியதையும் சொன்னேன்.

"அவளுக்குன்னு கெல்வின் சொன்னப்போ, யாருக்குன்னு கேட்டாரா?"

"இல்ல கண்ணு. அவன் காதுலயே விழல."

"மிஷின் குப்பைக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாரா? யாரு கொண்டாந்து போட்டதுன்னு?"

"கேக்கல."



"தெரியாதவங்கதான் கேப்பாங்க, கிளெனிஸ்."

அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். உடனே போலீஸ் நம்பரைக் கூப்பிட்டேன். வந்தார்கள், கேட்டார்கள், தேடினார்கள். கப்பல் பட்டியலிலும் விமானப் பட்டியலிலும் அவன் பெயரில் யாரும் கிளம்பவில்லை. தீவை விட்டுப் போகவில்லை என்றால் தீவுக்குள்தான் இருக்கிறான். எந்த ஊரில், யார் வீட்டில், யாருக்கு மெமரி மாட்டிக் கொடுத்துக்கொண்டு?

ரோவீனா துணிப்பையை எடுத்தாள். போலீஸ்காரப் பெண் ஏற்பாடு செய்த இடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள். வேலையை மட்டும் விட முடியாது, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். வழியில் லான்செஸ்டனில் ஒரு பெரிய கடையில் நிறுத்தினோம். நான் முன்னால் போய் எல்லா இடுக்கிலும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவள் இறங்கினாள்.

கடைக்காரி அலுக்காமல் சொன்னாள். இதில் மெமரி அதிகம், அதில் பிராசஸர் புதுசு, இந்தப் பக்கம் இருப்பதைப் பிற்காலத்தில் பிரித்து வேண்டிய பாகம் சேர்த்துக்கொள்ளலாம், அந்தப் பக்கம் இருப்பதைத் திறக்கவே முடியாது. வழக்கமாக நான் நடுவில் புகுந்து அவளை மடக்கியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. ரோவீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வேகம் என்ன, விலை என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"இதுல எது ரொம்ப வித்திருக்கு?"

கடைக்காரிக்குப் புரியவில்லை. நல்லதா என்று கேட்கிறீர்களா என்றாள்.

"இல்ல. எல்லார் வீட்லயும் எது இருக்கும்?"

அவள் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். இந்தத் தீவில் பாதி வீட்டில் இதுதான் இருக்கும் என்றாள். ரோவீனா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் இடுக்கிக்கொண்டாள்.